2012-ஐ நினைச்சு ஜெனரேட்டர் வாங்காதே

பெரம்பலூர்
வெள்ளி ராத்திரி

அன்புள்ள வெங்காயத்துக்கு,

பேரன் எடுத்த பிறகும் இந்தப் பட்டப்பேரை விடமாட்டியான்னு முறைக்காதே. செட்டிகுளத்துல பிறந்துட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பழைய சோத்தோட பாவாடை முடிச்சுல சின்ன வெங்காயம் கட்டிக்கிட்டு வந்தவளுக்கு வேற என்ன பேர் வைக்கிறதாம்?

உன் மெசேஜ் பார்த்தேன். "வீட்டுக்குச் சின்னதா ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கப்போறோம், எந்தக் கம்பெனி நல்லதுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லு." கேட்டேன். அவர் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் துடைச்சுக்கிட்டே, "கம்பெனி கடைசிக் கேள்வி. எதுக்கு வாங்குறாங்கங்கறதுதான் முதல் கேள்வி"ன்னார். அதுக்கப்புறம் அவர் சொன்னதும், எங்க மைக் செட் கடைக்குப் பில் போட்டுக்கிட்டே இத்தனை வருஷமா நான் பார்த்ததும் சேர்ந்து ஃபோன்ல அடங்காது. அதான் கடிதாசி. நடுநடுவுல ஊர்க்கதையும் வரும். அது இல்லாம எனக்கு எழுத வராதுன்னு உனக்கே தெரியும்.

முதல்ல துபாய் சித்தப்பா கதை. லப்பைக்குடிக்காடு ரோட்டுல அவர் கட்டின மாடி வீடு ஞாபகம் இருக்கில்ல? 2012-ல ஊருக்கு வந்தவர், வீட்டுக்குன்னு 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இறக்கினார். கிரேன் வந்துதான் இறக்கிச்சு. தெருவே இருட்டுல விசிறிமட்டையோட உட்கார்ந்திருக்கும், அவர் வீட்டுல மட்டும் மூணு ஏ.சி. ஓடும். சித்திக்கு அந்த வருஷம் கால் தரையிலயே படலை. போன மாசம் அங்கே வளைகாப்புக்குப் போயிருந்தேன். ஜெனரேட்டர் கூண்டு மேல வெங்காய வடகம் காயுது. அடியில பூனை குட்டி போட்டிருக்கு. "ஓட்டுறதே இல்லையா சித்தி?"ன்னு கேட்டேன். "எங்கடி ஓட்டுறது, கரண்ட்தான் போகவே மாட்டேங்குதே"ன்னு அலுத்துக்கிட்டாங்க. கரண்ட் போகலைன்னு குறைப்படுற பொம்பளையை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்.

சித்தப்பாவையும் குத்தம் சொல்ல முடியாது. நாம பட்ட பாடு அப்படி. 2008-லயே தொடங்கின தட்டுப்பாடு 2012-ல உச்சிக்குப் போச்சு. சென்னைக்கு 2 மணி நேர வெட்டு, நம்ம பக்கத்துக்கெல்லாம் 12 மணி, 14 மணி. உளுந்து பாதி அரைபடுறப்போ நின்னுடும், மீதி அரைக்கிறதுக்குள்ள மாவு புளிச்சுடும். வடக்கே மின்சாரம் கிடைச்சாலும் இங்கே கொண்டுவரப் போதுமான லைன் கிடையாது. 2013 அக்டோபர்ல கூடங்குளம் முதல் உலையிலேருந்து கரண்ட் வர ஆரம்பிச்சது. அந்த வருஷம் டிசம்பர் 31-ந் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியா தென்னகத்துக் கட்டமைப்பை நாட்டோட மத்த கட்டமைப்போட சேர்த்தாங்க. அப்புறம் காத்தாலை, சோலார்னு ஒவ்வொண்ணா கூடிச்சு. 2014, 15-ல நமக்கு மூச்சு வந்துச்சு. ஜெனரேட்டர் கடைக்காரங்க முகம்தான் தொங்கிப்போச்சு.

இதுல நமக்குன்னு தனி வயித்தெரிச்சலும் உண்டு. பக்கத்து மாவட்டத்துல நெய்வேலி, 1962-லேருந்து பழுப்பு நிலக்கரியை எரிச்சுக் கரண்ட் எடுக்குது. நீ வாழ்க்கைப்பட்ட பக்கத்து ஜெயங்கொண்டத்துக்கு அடியிலயும் அதே நிலக்கரிதான். அங்கேயும் மின் நிலையம் வருதுன்னு சொல்லி 1990-கள்லயே நிலத்தை எடுத்தாங்க. இழப்பீடு, கேஸுன்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. மின் நிலையம் வரவே இல்லை. கடைசியில நிலத்தை உரியவங்ககிட்டயே திருப்பிக் கொடுக்கிறதா அரசாங்கம் முடிவு பண்ணிச்சு. காலடியில நிலக்கரியை வச்சுக்கிட்டு அரிக்கேன் கண்ணாடி துடைச்ச ஜனம் நாம.

அதனால பயம் இருக்கத்தான் செய்யும். ஆனா நீ ஜெனரேட்டர் வாங்கறது இன்னிக்குப் போற கரண்டுக்கு. 2012-ல போன கரண்டுக்கு இல்லை. உங்க செந்துறைப் பக்கம் இப்போ எப்படிப் போகுதுன்னு நீ சொன்னதையெல்லாம் நான் பிரிச்சுப் பார்த்தேன். பராமரிப்புன்னு அவ்வப்போது ஒரு பகல், காலை 9 மணியிலேருந்து சாயங்காலம் வரைக்கும். அது முன்கூட்டியே பேப்பர்ல வந்துடுது. காத்தடிச்சா, இடி இடிச்சா அரை மணி, ஒரு மணி. எப்பவாவது ஒரு தடவை பெரிசா: போன கோடையில உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சு மூணு நாள் கிடந்தீங்களே, அது. இல்லேன்னா புயல். நோய் மூணு, மருந்தும் மூணு. மூணுக்கும் சேர்த்து ஒரே பெரிய ஜெனரேட்டரா வாங்கினா, உன் வீட்டுலயும் வடகம் காயப்போட நல்ல இடம் கிடைக்கும்.

அடுத்தது, எதெல்லாம் ஓடணும்? உன் வீட்டுக்காரர் அனுப்பின லிஸ்டைப் படிச்சுட்டு எங்க வீட்டுக்காரர் ஸ்டூல்லேருந்து இறங்கி வந்து சிரிச்சார். ஏ.சி. ஒண்ணு, வாட்டர் ஹீட்டர் ஒண்ணு, வயக்காட்டு 5 ஹெச்.பி. மோட்டார், புல் வெட்டுற மெஷின்! ரிட்டயர் ஆன ஆம்பளைங்க கையில பேப்பர் பேனாவைக் கொடுக்கவே கூடாதுடி. ஏ.சி.யும் ஹீட்டரும் இல்லாம மூணு நாள் இருந்தா யாரும் சாகமாட்டாங்க. வயக்காட்டு மோட்டாரை இழுக்கணும்னா துபாய் சித்தப்பா அளவுக்கு வாங்கணும். அடிச்சுப் போட்டேன்.

மீதி இதுதான். எல்.இ.டி. விளக்கு அஞ்சாறு, எல்லாம் சேர்த்து 50 வாட்ஸ். ஃபேன் மூணு, 225 வாட்ஸ். உன் மாமியாரோட காத்து மெத்தை, படுக்கைப்புண் வராம இருக்க டாக்டர் போடச் சொன்னது. அதோட பம்ப் ஜீரோ வாட்ஸ் பல்பு அளவுக்குத்தான் இழுக்கும், ஆனா நிக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் 150. மிக்ஸி 750, அதுவும் அஞ்சு நிமிஷம். அப்புறம் போர் மோட்டார் 1 ஹெச்.பி. ஏன்னா வீட்டுக்கும் தண்ணி வேணும், கொட்டாய்ல நாலு மாடும் குடிக்கணும்.

இந்த லிஸ்டை ஒரு தடவை உத்துப் பாரு. நிக்கவே கூடாதது எல்லாம் சின்னச் சின்ன சாமான். பெரிசா இழுக்கிறது எல்லாம் கொஞ்ச நேரம் ஓடினாப் போதும். முழு விஷயமும் இதுக்குள்ளதான் இருக்கு.

நிக்கக் கூடாத சின்னச் சாமானுக்கு இன்வெர்ட்டர். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பாட்டரி ஒண்ணு போட்டா, கணக்குப்படி 1,800 வாட்-ஹவர். கையில வர்றது அதைவிடக் குறைச்சல். ஆனாலும் விளக்கு, ரெண்டு ஃபேன், மாமியார் மெத்தை எல்லாம் அஞ்சாறு மணி நேரம் தாராளமா ஓடும். இப்போ வர்ற பி.எல்.டி.சி. ஃபேனா மாத்திட்டா ஒண்ணு 30 வாட்ஸ்தான், அதே பாட்டரி ராத்திரி முழுக்க வரும். கரண்ட் போனதே மாமியாருக்குத் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில போய் ஜெனரேட்டருக்குக் கயிறு இழுக்கிற வேலையும் இல்லை. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் மறக்காம ஊத்தணும்.

பராமரிப்பு நாளுக்கு மருந்து இன்னும் சுலபம்: மாடியில இன்னொரு 1,000 லிட்டர் டேங்க். முந்தின நாள் சாயங்காலமே ரெண்டையும் ரொப்பிட்டா மறுநாள் மோட்டாரே தேவையில்லை. கரண்டைச் சேர்த்து வைக்கத்தான் பணம் வேணும், தண்ணியைச் சேர்த்து வைக்க ஒரு டேங்க் போதும். இதைச் சொன்னா எந்த ஜெனரேட்டர் கடைக்காரருக்கும் பிடிக்காது.

"சோலார் போட்டா?"ன்னு உன் மருமக கேட்டாளாமே. நல்ல பொண்ணு, போடட்டும். மத்திய அரசு 2024-ல கொண்டுவந்த சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கு, பில் குறையும். ஆனா சாதாரணமா வீட்டுக்குப் போடுற சோலார், லைன்ல கரண்ட் இல்லேன்னா தானும் நின்னுடும். நட்ட நடு வெயில்ல பேனல் மின்னிக்கிட்டு இருக்கும், வீட்டுல ஃபேன் சுத்தாது. லைன்ல வேலை செய்றவங்க உயிருக்காக அப்படி வச்சிருக்காங்க. பாட்டரியோட ஹைப்ரிட் போட்டாத்தான் அது கரண்ட் கட்டுக்கு உதவும், விலையும் அதுக்குத் தக்கபடி.

ஆக, டீசல் எதுக்கு? டிரான்ஸ்ஃபார்மர் போன மூணு நாளுக்கு, புயலுக்கு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ டெல்டாவுல லட்சத்துக்கும் மேல மின் கம்பம் சாஞ்சது. எங்க வீட்டுக்காரர் ஜெனரேட்டரை மினி லாரியில ஏத்திக்கிட்டு பட்டுக்கோட்டைப் பக்கம் போனார். வீடு வீடா போய் போர் மோட்டாருக்கு ஒயர் கொடுத்து டேங்க் ரொப்பிக் கொடுக்கிறதுதான் வேலை. ஒரு வீட்டுக்கு அரை மணி, அடுத்த வீடு. விளக்கு வேணும்னு ஒருத்தரும் கேட்கலையாம். தண்ணி ஏத்திக் கொடு, பாட்டரி ஏத்திக் கொடு, இந்த ரெண்டுதான்.

நீயும் அதையே பண்ணு. டீசலை நாள் முழுக்க ஓட்டாதே. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். அந்த நேரத்துல மோட்டார் ஓடி டேங்க் ரொம்பட்டும், இன்வெர்ட்டர் பாட்டரி ஏறட்டும், ஃபிரிட்ஜ் ஜில்லாகட்டும், மோட்டார் நின்ன பிறகு சட்னி அரைச்சுக்கோ. மிக்ஸி தவிர மத்ததெல்லாம் சேர்ந்து 1,700 வாட்ஸ் பக்கம் வரும். அப்புறம் நிறுத்திட்டு, மீதி நேரத்தை டேங்க்லயும் பாட்டரியிலயும் ஓட்டு. பாட்டரி முழுசா ஏறாதுதான், ஆனா ராத்திரி மாமியார் ரூமுக்குக் காணும்.

இதுல சிக்கனம் மட்டுமில்லை, இன்ஜினுக்கும் இதுதான் நல்லது. டீசல் இன்ஜினுக்கு வேலை கொடுக்காம சும்மா ஓட்டக் கூடாது. ரெண்டு ஃபேனுக்காக ராத்திரி பூரா ஓட்டினா உள்ளே சூடு பத்தாம டீசல் சரியா எரியாது. கரி படியும், சைலென்சர்ல எண்ணெய்ப் பிசுக்கு வழியும், நாளைக்கு இழுவை போயிடும். பாதிக்கு மேல, முக்காலுக்குப் பக்கத்துல லோடு இருக்கணும். அப்படி இருந்தா சின்ன இன்ஜின் ஒரு லிட்டருக்குச் சுமார் 3 யூனிட் கொடுக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல விக்குது. ஒரு யூனிட் முப்பது ரூபாயைத் தாண்டுதுன்னு வச்சுக்கோ. நான் சொன்னபடி நாலு மணி நேரம் ஓட்டினா ரெண்டரை லிட்டருக்குள்ள முடியும். விடிய விடிய ஓட்டினா அதைவிட ஜாஸ்தி ஆகும், அதுவும் ஒண்ணுக்கும் உதவாம.

இப்போ அளவு. பெட்டியில கே.வி.ஏ.ன்னு போட்டிருக்கும், அதை 0.8-ஆல பெருக்கினாத்தான் கிலோவாட். 3 கே.வி.ஏ.ன்னா 2.4 கிலோவாட். உன் 1,700 வாட்ஸுக்கு அது போதுமேன்னு தோணும். மோட்டார் கிளம்புறப்போதான் வம்பு. படுத்திருக்கிற மாட்டை எழுப்புற மாதிரி அது; நடக்க ஆரம்பிச்சுட்டா கயித்தை லேசாப் பிடிச்சாப் போதும், எழுப்புறதுக்குத்தான் நாலு பேர் வேணும். ஓடுறப்போ இழுக்கிறதைவிட அஞ்சாறு மடங்கு ஆம்பியரை அந்த ஒரு நொடியில கேட்கும். அதனால இங்கே மெக்கானிக்குங்க சொல்ற கணக்கு, ஒரு ஹெச்.பி.க்கு மூணு கே.வி.ஏ. மோட்டாரை முதல்ல போடணும், அது பிடிச்சுத் தண்ணி வந்த பிறகு மத்த சுவிட்சைத் தட்டணும். அப்படின்னா உனக்கு 3-லேருந்து 3.5 கே.வி.ஏ. போதும். கடைக்காரர் "பியூச்சருக்கு ஆகும் அக்கா, 7.5 எடுத்துக்கோங்க"ம்பார். சித்தப்பாவை நினைச்சுக்கோ. "எங்க மோட்டாரைப் போட்டு ஓட்டிக் காட்டுங்க, அப்புறம்தான் மீதிப் பணம்"னு சொல்லிடு.

வேகம் பத்தியும் கேட்டுக்கோ. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதுக்கு ஆல்டர்னேட்டர் நிமிஷத்துக்கு 3,000 சுத்து இல்லேன்னா 1,500 சுத்து சுத்தணும். 3,000 சுத்துறது சின்னது, காத்துலயே ஆறும், ரெண்டு ஆள் தூக்கி வைக்கலாம், ஆனா கத்தும், சீக்கிரம் தேயும். 1,500 சுத்துறது கனம், விலை ஜாஸ்தி, வருஷக்கணக்கா உழைக்கும். தினம் ஓட்டுற கடைக்கு 1,500. வருஷத்துல சில நாள் ஓட்டுற உனக்கு 3,000 போதும். ஏ.வி.ஆர். இருக்கான்னு மட்டும் பாரு. வோல்டேஜைக் கட்டி வைக்கிறது அதுதான், இல்லேன்னா மோட்டார் நிக்கிறப்போ வோல்டேஜ் எகிறி டி.வி. போர்டு போயிடும். பெட்ரோல்ல சின்ன மெஷின் சத்தம் கம்மியா கிடைக்கும், நல்லாவும் இருக்கும். ஆனா மாசக்கணக்கா நிறுத்தி வச்சா பெட்ரோல் கெட்டு கார்புரேட்டர் அடைச்சுக்கும், வீட்டுல பெட்ரோல் கேன் வைக்கிறதும் வம்பு. உங்க வீட்டுலதான் டிராக்டருக்கு எப்பவும் டீசல் இருக்கே.

உன் வீட்டுக்காரரோட ரெண்டாவது யோசனைக்கு வர்றேன். கிணத்து மேட்டுல கிடக்கிற உன் மாமனார் காலத்து ஆயில் இன்ஜினைத் தட்டி எடுத்து, பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டரைச் சுத்தவிட்டா என்னன்னு கேட்டிருக்காராமே. இதைக் கேட்டதும் எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணே பெரிசாயிடுச்சு, அவருக்கு அந்த இன்ஜின்னா அவ்வளவு ஆசை. அந்த ஜாதிக்கு மூதாதை இங்கிலாந்துல டர்ஸ்லிங்கற ஊர்ல லிஸ்டர் கம்பெனி போட்டது. 1930 வாக்குல வந்தது 5 ஹெச்.பி., 600 சுத்து. பின்னால 6 ஹெச்.பி., 650 சுத்து. அங்கே 1987-ல நிறுத்திட்டாங்க. நம்ம குஜராத் ராஜ்கோட் பட்டறைங்க அதே அச்சுல வார்த்துக்கிட்டே இருந்துச்சு. அமெரிக்காவுல காட்டுக்குள்ள வீடு கட்டிக்கிட்டு இருக்கிறவங்க கூட ராஜ்கோட் இன்ஜினை வரவழைச்சு, அதுல கரண்ட் எடுத்து, வெறி பிடிச்சுக் கொண்டாடினாங்க. அப்புறம் அங்கே புகை விதியைக் காட்டி இறக்குமதியை இறுக்கிட்டாங்க.

நமக்கு அது கொண்டாட்டம் இல்லை, பிழைப்பு. கமலை மாட்டை ஓய்வெடுக்க வச்சது அதுதானே. டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வச்சு, ஹேண்டிலைப் போட்டு ரெண்டு கையால சுத்தி, சக்கரம் வேகம் எடுத்ததும் லீவரை டப்புனு விடுவாங்க. டுக்… டுக்… டுக்குனு வட்டம் வட்டமாப் புகை. இன்ஜின் சூட்டை ஆத்த, இறைக்கிற தண்ணியிலயே கொஞ்சத்தை அதுக்குள்ள விட்டு வெளியே எடுப்பாங்க. மார்கழிக் காலையில அந்தச் சின்னக் குழாய்ல வெதுவெதுன்னு வர்ற தண்ணிக்கு நீயும் நானும் போட்ட சண்டையை உங்க அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

ஆனா வீட்டுக் கரண்டுக்கு? கணக்குப் பாரு. 5 ஹெச்.பி.ன்னா 3.7 கிலோவாட், பெல்ட்லயும் ஆல்டர்னேட்டர்லயும் போனது போக ரெண்டரை, மூணு மிஞ்சினா பெரிசு. அளவு சரியாத்தான் வருது. ஆனா 600 சுத்துல நிமிஷத்துக்கு 300 தடவைதான் இன்ஜின் உதைக்கும், நொடிக்கு அஞ்சு. விளக்கும் அதோட சேர்ந்து துடிக்கும். பழைய திருவிழாவுல சாமிக்குப் பின்னால குண்டு பல்பு துடிச்சுக்கிட்டே வருமே, அதுதான். கனமான சக்கரம் இருந்தா துடிப்பு குறையும், அடியோட போகாது. ஃபிரிட்ஜும் மாமியார் மெத்தையும் அதைத் தாங்குமான்னு பார்க்கிற விளையாட்டு வேண்டாம். முக்கியமா, ஓடுற பெல்ட் பக்கத்துல முந்தானையோட போற வேலை நமக்குத்தான் வரும். அவருக்கு ஆசையா இருந்தா துடைச்சு, பெயிண்ட் அடிச்சு, தண்ணி இறைச்சு விளையாடட்டும்.

செகண்ட் ஹாண்ட் வாங்கலாமான்னு கேட்டே. வாங்கலாம், ஆனா எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போ. தை மாசம் துறையூர்ல ஒண்ணு பார்க்கப் போனார். அத்தையைப் பார்க்கிற சாக்குல நானும் ஒட்டிக்கிட்டேன். போனதும் ஒரு வார்த்தை பேசலை, இன்ஜின் மேல உள்ளங்கையை வச்சார். சூடு. "எங்களுக்கு முன்னாடியே ஓட்டிட்டீங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். விக்கிறவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! ஆறின இன்ஜின் எப்படிக் கிளம்புதுங்கறதுதான் முதல் பரீட்சை. சூடு பண்ணி வச்சா எல்லாம் ஒரே இழுப்புல கிளம்பிடும். டீ குடிச்சுட்டு வர்றோம்னு போய், அத்தை வீட்டுல சாப்பாடே முடிச்சுட்டு வந்தோம்.

அப்புறம் கிளப்பினார். முதல்ல வர்ற வெள்ளைப் புகை சூடானதும் நின்னுடணும். நீலம் வந்தா இன்ஜின் ஆயில் எரியுதுன்னு அர்த்தம். லோடு ஏத்துறப்போ கருப்பு கக்கினா டீசலுக்குத் தக்க காத்து இல்லை, இல்லேன்னா நாசில் போச்சு. ஆயில் மூடியைத் திறந்து அங்கே புகை குபுகுபுன்னு வருதான்னு பார்த்தார். வந்தா ரிங் தேஞ்சிருக்கு. கடைசியா எங்க கடை 500 வாட்ஸ் ஃபோகஸ் லைட்டு நாலையும் மாட்டி ஒவ்வொண்ணாப் போட்டார். ஒவ்வொரு லைட்டுக்கும் இன்ஜின் ஒரு முக்கல் முக்கி நிமிரணும், வோல்டேஜ் மீட்டர் முள் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிக்கணும். நாலும் எரியறப்போ மெயினை ஒரேயடியா அணைச்சார். கத்திக்கிட்டு எகிறாம உடனே தன் வேகத்துக்கு வந்தா கவர்னர் நல்லாயிருக்கு. அது எகிறிச்சு. "நல்ல வண்டிதான், எங்களுக்குக் கொடுத்துவைக்கலை"ன்னு சொல்லிட்டு வந்துட்டார். மனுஷன் வீட்டுல இவ்வளவு இங்கிதமாப் பேசமாட்டார்.

புதுசா வாங்கினா தேதியைப் பாரு. 2023 ஜூலையில புகைக்குப் புது விதி வந்துச்சு, பழைய சரக்கை வித்துத் தீர்க்க 2024 ஜூன் வரைக்கும் தவணை கொடுத்தாங்க. இப்போ யாராவது "பழைய ஸ்டாக், பாதி விலை"ன்னா பேப்பரைக் கேளு. கூண்டோட வர்ற டீசல் ஜெனரேட்டர் ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலைத் தாண்டக் கூடாதுங்கறதும் விதி. கூண்டு இல்லாத சின்ன மெஷினை வாங்கி வச்சா முதல் சண்டை பக்கத்து வீட்டோட, ரெண்டாவது மாமியாரோட.

உங்க ஊருக்குன்னு தனியா ஒண்ணு: ஏர் ஃபில்ட்டர். சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுல வீட்டை வச்சுக்கிட்டு இருக்கே, துவைச்ச வேட்டியே சாயங்காலத்துக்குள்ள சாம்பல் நிறமாயிடுது. அந்தத் தூசி உள்ளே போனா பிஸ்டனை அரம் போட்டு ராவிடும். ஃபில்ட்டரைக் கழட்டித் துடைக்க சுலபமா இருக்கான்னு கடையிலயே கழட்டிக் காட்டச் சொல்லு.

கம்பெனிக்குக் கடைசியா வர்றேன். கிர்லோஸ்கர், கிரீவ்ஸ், மஹிந்திரான்னு நல்ல பேர் எத்தனையோ இருக்கு. ஃபோன் பண்ணினா மறுநாள் வர்ற மெக்கானிக் அரியலூர்லயோ பெரம்பலூர்லயோ எந்தக் கம்பெனிக்கு இருக்காரோ, நாசிலும் ஃபில்ட்டரும் திருச்சியில எதுக்குச் சட்டுனு கிடைக்குதோ, அதை எடு.

மாட்டுறப்போ ரெண்டு விஷயத்துல சிரிப்பு கிடையாது. ஒண்ணு, சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ரெண்டு முனையிலயும் பிளக் வச்ச ஒயரை பிளக் பாயின்ட்ல சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற வேலையை உன் கொழுந்தனார் பண்ணுவார், எனக்குத் தெரியும். மெயினை அணைக்க மறந்தா அந்தக் கரண்ட் கம்பிக்கு ஏறும். உன் 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வழியா பின்னால போய் 11,000 வோல்ட்டாகும். லைன் செத்துக் கிடக்குன்னு நம்பிக் கம்பத்துல ஏறியிருக்கிறவர் வீட்டுலயும் குழந்தை குட்டி இருக்கு. ஈ.பி. ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம், ரெண்டும் ஒருநாளும் சேராத சுவிட்ச் வேணும், தனி எர்த் வேணும், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் போடணும். ரெண்டு, இடம். வராந்தாவுலயோ மாடிப்படிக்கு அடியிலயோ வைக்காதே. அந்தப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கறவங்களை எழுப்பாமலே கொண்டுபோயிடும். கொட்டாய்க்கு அந்தப் பக்கம், மாமியார் ஜன்னலுக்கு எதிர் திசையில, மேல ஒரு ஷீட், புகைக்குழாய் வெளியே பார்த்து. மாசம் ஒரு தடவை மோட்டாரைப் போட்டு கால் மணி நேரம் ஓட்டு. சும்மா கிடந்தா செல்ஃப் பாட்டரி செத்துப்போகும், கரெக்டா புயல் அன்னிக்குத்தான் தெரியும்.

பணம் ஒரேயடியா போடாதே. முதல்ல இன்வெர்ட்டரும் டேங்கும். ஒரு கோடை அதுலயே ஓட்டிப் பாரு. அப்பவும் தவிச்சா 3.5 கே.வி.ஏ.வோட நில்லு. தவிக்கலேன்னா அந்தப் பணத்துல இன்னொரு மாடு வாங்கு, அதுவாவது பால் கறக்கும்.

திங்கள்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு மாவிளக்கு போட வர்றதாச் சொன்னியே, அப்படியே கடைக்கு வா. திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும்கறதால அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, சீக்கிரம் கிளம்பு. உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வா. ரெண்டு பேரும் ஆயில் இன்ஜின் கதை பேசட்டும், நமக்குப் பேச வேறே ஆயிரம் இருக்கு. உங்க ஊருக்கு ரயில் இருக்கிற திமிருல "பெரம்பலூருக்கு எப்படி வர்றது"ன்னு கேட்காதே, அரியலூர்லேருந்து பஸ் வந்துக்கிட்டேதான் இருக்கு. ரெண்டு மாவட்டத்தையும் 2001-ல பிரிச்சு, 2002-ல சேர்த்து, 2007-ல மறுபடி பிரிச்சதுலகூட அது நிக்கலை.

இப்படிக்கு,
உன் மைக் செட்

பி.கு.: ஜெனரேட்டர் வாங்கினதை ஊருக்கெல்லாம் சொல்லாதே. சொல்லாட்டாலும் தெரிஞ்சுடும், சத்தம் இருக்கே. புயல் அடிச்ச மறுநாள் தெருவே ஃபோனைத் தூக்கிக்கிட்டு வரும். வேலித் தகராறுல உன்னோட பேச்சை நிறுத்தின பக்கத்து வீட்டுக்காரிதான் முதல்ல நிப்பா. சார்ஜ் போட்டுக் கொடு. ஃபோன் ஏற ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அவ உன் திண்ணையிலதான் உட்காரணும். வேலி பத்தி நீ என்னவெல்லாம் கேட்கணுமோ அப்போ கேட்டுக்கோ.